ஒரேயொரு வெற்றிடம்

வேலை கொடுப்பது ஒரு சாதனையல்ல. கொஞ்சம் வசதியும் கொஞ்சம் இரக்கமும் இருந்தால் யாரும் கொடுத்துவிடலாம். ஒரேயொரு வேலையை வைத்துக்கொண்டு, அதை ஒருவருக்கும் கொடுத்துவிடாமல் பதினொரு மாதம் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றி, அதைக் காட்டியே இருநூற்றுச் சொச்சம் பேருக்கு நம்பிக்கையூட்டுவது இருக்கிறதே, அதுதான் சாதனை. ஊவா மாகாணத்தில் அதைச் செய்துகாட்டியது எங்கள் ‘ஊவா உச்சம் மனித ஆற்றல் நிலையம்’. பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்புறம், இரும்புச் சாமான் கடையொன்றின் மேல்மாடியில் இயங்கியது. துன்ஹிந்த அருவியைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருகிறவர்கள் எங்களைப் பார்க்காமலே போனார்கள். நட்டம் அவர்களுக்கு.

என் பெயர் விஜேந்திரன். அங்கே மனிதவள அதிகாரி. கழுத்துப்பட்டி கட்டி, வருகிற விண்ணப்பதாரிகளை நேர்முகம் காண்பது என் கடமை. எங்கள் பணிப்பாளர் நாயகம் திரு. கிருஷ்ணராஜ். நிறுவனத்தில் பணிப்பாளர் அவர் ஒருவர்தான். இருந்தாலும் ‘நாயகம்’ சேர்த்தால்தான் கடிதத் தலைப்பு நிறைவாக இருக்கிறது என்பது அவர் கருத்து.

முதல் நாளே அவர் எனக்கு நிறுவனத்தின் தத்துவத்தை விளக்கினார்.

“விஜேந்திரன், ‘வெற்றிடம்’ங்கிற சொல்ல எப்படிப் பிரிப்பீங்க?”

“வெறுமை, இடம் சார்.”

“தோத்தவன் அப்படித்தான் பிரிப்பான். வெற்றி, இடம்! இந்தப் படியேறி வந்தாலே ஒருத்தன் ஜெயிச்சிட்டான். அதுக்கு மேல வேலையும் குடுத்தா, வெற்றிடம் நிரம்பிப் போயிடும். அப்புறம் அடுத்தவன் எங்க போய் ஜெயிப்பான்?”

நான் வியந்து போனேன். ஒரு நாட்டின் வேலையில்லாத் திண்டாட்டத்தை இவ்வளவு கருணையோடு பார்த்த மனிதரை அதுவரை கண்டதில்லை.

எங்கள் விளம்பரம் ஞாயிறுதோறும் பத்திரிகையில் வந்தது. ‘தரவுப் பதிவு உதவியாளர். வெற்றிடம் ஒன்று. வயது இருபத்திரண்டுக்கு மேற்படாதிருத்தல். அனுபவம் ஐந்து வருடத்துக்குக் குறையாதிருத்தல். மும்மொழித் தேர்ச்சி. நெருக்கடியிலும் சிரித்த முகம். சொந்த மோட்டார் சைக்கிள் விரும்பத்தக்கது.’ வேலை என்னவோ கதிரையில் உட்கார்ந்து கணினியில் தட்டச்சு செய்வதுதான். மோட்டார் சைக்கிளை எங்கே ஓட்டுவது என்று ஒரு விண்ணப்பதாரி கேட்டார். ‘எதிர்மறைச் சிந்தனை உள்ளவர்’ என்று அவருடைய தாளில் குறித்துக்கொண்டேன்.

சுதர்ஷினி எங்களிடம் வந்தது ஒரு மார்ச் மாதத்துத் திங்கட்கிழமை. மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். உயர்தரம் சித்தியடைந்து, கணினி டிப்ளோமாவும் செய்து, சான்றிதழ்களை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

“உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்.”

“எல்லாம் விண்ணப்பத்துலயே எழுதியிருக்கேன் சார்.”

“நாங்கள் விண்ணப்பங்களை வாசிப்பதில்லை. வாசித்தால் பக்கச்சார்பு வந்துவிடும்.”

அவள் சொன்னாள். நான் அடுத்த கேள்விக்குப் போனேன்.

“உங்களுடைய பலவீனம் என்ன?”

“காலைல சாப்பிடாம வந்துட்டேன் சார். அஞ்சு மணி பஸ்ஸு.”

‘பசி உள்ளவர்’ என்று எழுதினேன். நவீன முகாமைத்துவத்தில் இது மிக உயர்ந்த தகைமை.

“இன்னும் ஐந்து வருடத்தில் உங்களை எங்கே காண்கிறீர்கள்?”

“மூனு மணி பஸ்ஸ விட்டுட்டேன்னா பசறையிலதான் சார் நிப்பேன். அங்கேயிருந்து மேல ஏறுறதுக்கு வண்டி இல்ல.”

இந்த வெளிப்படைத்தன்மைக்காக அவளை முதற்சுற்றுக்குத் தெரிவு செய்தேன். முதற்சுற்று ‘செயன்முறைப் பரீட்சை’. கணினி முன்னால் உட்காரவைத்து, கையால் நிரப்பப்பட்ட படிவக் கட்டொன்றைக் கொடுத்து, அவற்றைத் தட்டச்சு செய்யச் சொல்வோம். படிவங்கள் கொழும்பில் உள்ள ஓர் ஆய்வு நிறுவனத்துடையவை. ‘மலையக இளைஞர்களின் வேலையின்மை: காரணங்களும் தீர்வுகளும்’ என்பது ஆய்வின் தலைப்பு. அந்த வேலையை ஒப்பந்த அடிப்படையில் நாங்கள் எடுத்திருந்தோம்.

செயன்முறைப் பரீட்சை மூன்று வாரம் நடந்தது. ஒரு மனிதரின் திறமையை ஒரே நாளில் மதிப்பிடுவது அநீதி அல்லவா?

இரண்டாம் வாரத்தில் அவள் ஒரு படிவத்தைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

“சார், இது எங்க லயத்துல அடுத்த வீட்டு விஜயலெட்சுமியக்காவோட படிவம். ‘ஏன் வேலை கிடைக்கவில்லை என்று நினைக்கிறீர்கள்?’னு கேட்டிருக்கு. ‘கூப்பிட்டுக் கூப்பிட்டு அனுப்புறாங்க’ன்னு எழுதியிருக்கு. அப்படியே அடிக்கவா?”

“எழுத்துப் பிழை இருந்தால் திருத்துங்கள். கருத்துப் பிழை நம் பொறுப்பல்ல.”

இரண்டாம் சுற்று ‘அடிமட்டத்திலிருந்து நிர்வாகத்தை அணுகுதல்’. அதாவது தரையைக் கூட்டுதல். மூன்றாம் சுற்று ‘கொதிநிலை முகாமைத்துவம்’. பணிப்பாளர் நாயகத்துக்கு நாளொன்றுக்கு ஆறு பிளேன்டீ. வாசலில் வருகிறவர்களை வரவேற்று உட்காரவைத்த மிப்ரான் என்ற இளைஞர் அப்போது ஏழாம் சுற்றில் இருந்தார். பட்டதாரி. அவருடைய சுற்று ‘மக்கள் தொடர்பு’. தொலைபேசிக்குப் பதில் சொல்வார், பார்சல் எடுத்துக்கொண்டு தபாலகம் போவார், கழிப்பறைக் குழாய் ஒழுகினால் இறுக்குவார். ஒவ்வொரு சுற்று முடிவிலும் எல்லோருக்கும் ஒரு கடிதம் போகும். ‘மயிரிழையில் தவறவிட்டீர்கள். மனந்தளராது அடுத்த சுற்றுக்குச் சமுகமளிக்கவும்.’ மயிரிழை என்ற சொல்லைப் போட்டது நான். அதற்கு முன் ‘நூலிழை’ என்றிருந்தது. நம்பிக்கைக்கு நூல் சற்றுத் தடிமன் என்று பட்டது.

மே மாத நடுவில் ஒருநாள், தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு சுதர்ஷினி நகராமல் நின்றாள்.

“சார், இந்தச் சுத்தாவது கடைசியா?”

“ஏன் அவசரப்படுகிறீர்கள்?”

“அம்மாவுக்கு மெடிக்கல் பாஸாயிருச்சு சார். சவூதிக்கு வீட்டு வேலைக்கு. ஏஜென்சிக்காரரு வந்து வந்து நிக்கிறாரு. எனக்கு வேலைன்னு ஒன்னு ஆச்சுன்னா அம்மா போகாது. தம்பி இன்னும் ஆறாவதுதான் படிக்கிறான்.”

நான் உருகிவிட்டேன். ‘குடும்ப ஊக்கம்’ என்ற பகுதியில் அவளுக்கு ஐந்து புள்ளி கூட்டினேன்.

அவள் போகவில்லை. “சார், கோவிச்சுக்காதீங்க. உங்களுக்கு இங்க எவ்வளவு சம்பளம்?”

இப்படிப்பட்ட அநாகரிகமான கேள்வியை ஒரு விண்ணப்பதாரி கேட்கலாமா? இருந்தாலும் வெளிப்படைத்தன்மை எங்கள் நிறுவனத்தின் கொள்கை என்பதால் உண்மையைச் சொன்னேன். சென்ற ஜூலையில் மனிதவள அதிகாரி பதவிக்கு நேர்முகம் என்று என்னைக் கூப்பிட்டார்கள். பணிப்பாளர் நாயகம் தன் எதிரே இருந்த கதிரையைக் காட்டி, ‘உக்காருங்க. வெளிய நாலு பேர் நிக்கிறாங்க, ஒவ்வொருத்தரா கூப்பிட்டு நேர்முகம் செய்ங்க, எப்படிச் செய்றீங்கன்னு பாப்போம்’ என்றார். உட்கார்ந்தேன். அவர் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“அப்ப உங்க நேர்முகமும் இன்னும் முடியலையா?”

“இறுதிக் கட்டத்தில் இருக்கிறது.”

“சாப்பாட்டுக்கு?”

“அண்ணன் வீட்டில்.”

அவள் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்ததாகத்தான் அன்று நினைத்தேன். பிறகு யோசித்தால், பஸ்ஸில் தூங்கி இறங்குமிடத்தைத் தவறவிட்டவரை அப்படித்தான் பார்ப்பார்கள்.

நான்காம் சுற்று ‘ஆவண முகாமைத்துவம்’. கோப்புகளைப் போட்டோப் பிரதி எடுப்பது. ஜூன் முதல் வாரத்தில் ஒரு வியாழக்கிழமை, கொழும்புக்கு அனுப்பவேண்டிய கோப்பொன்றைப் பணிப்பாளர் நாயகம் அவளிடம் கொடுத்துவிட்டு முடிவெட்டப் போயிருந்தார். பிரதி எடுக்கும் இயந்திரத்தின் பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், சுதர்ஷினி ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு மூச்சு முட்டச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“சார்! எனக்கு வேல கெடச்சிருச்சு சார்! மூனு மாசமாச்சாம்!”

வாங்கிப் பார்த்தேன். ‘மாதாந்த ஆளணி அறிக்கை’ என்று தலைப்பு. கொழும்பு நிறுவனத்தின் ஒப்பந்தப்படி இந்த வேலைக்கு நாங்கள் குறைந்தது இருநூறு நிரந்தர ஊழியர்களை வைத்திருக்க வேண்டும். வைத்திருந்தோம். இருநூற்றுப் பதினான்கு பேர். நேர்முகத்துக்கு வந்த ஒருவர்கூட விடுபடவில்லை. ‘சுதர்ஷினி, மடுல்சீமை. சிரேஷ்ட தரவு அதிகாரி. சேவைக்காலம் மூன்று மாதம்.’

மிப்ரான் வரவேற்பு மேசையைத் தாண்டிக் குதித்து வந்தார். “எனக்குப் பாருங்க, எனக்குப் பாருங்க!” அவர் ‘பிராந்திய இணைப்பாளர்’. முதற்சுற்றில் இருந்த பண்டாரவளைப் பிள்ளைகள் மூவர் ‘பயிற்சி ஆலோசகர்கள்’. அன்று காலை பத்து மணிக்குத்தான் வந்து, நான் இன்னும் ஒரு கேள்விகூடக் கேட்டிராத ஒருவர் ‘இரவு நேரப் பொறுப்பாளர்’. ஆளுக்கு ஆள் கைகுலுக்கினோம். ஒருவர் கீழே ஓடிப்போய் மீன் வைத்த மாலுபாண் வாங்கி வந்தார். பதுளையில் ஒரே நேரத்தில் இத்தனை பேருக்கு வேலை கிடைத்தது வேறெந்த அரசாங்கத்திலும் நடந்திருக்காது.

என் பெயர் முதல் பக்கத்தில் இருந்தது. ‘பொது முகாமையாளர்’. முந்திய மாதங்களின் அறிக்கைகளைப் புரட்டினேன். அதிகாரியாக ஆரம்பித்து, தை மாதம் சிரேஷ்ட அதிகாரி, சித்திரையில் பொது முகாமையாளர். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணன் வீட்டில் யாருக்கும் தெரியாமல் இரண்டு பதவி உயர்வு பெற்றிருக்கிறேன்.

சுதர்ஷினி படிக்கட்டில் நின்று தோட்டத்துக்குப் போன் பண்ணினாள். அம்மா இராக்கம்மா மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

“அம்மா, வேல சரியாயிருச்சு... ஆமாம்மா, பேப்பர்ல பேரு வந்திருச்சு... பெரிய வேலதான். இல்லம்மா, அழாத, சத்தியமா. அந்த ஏஜென்சிக்காரர்கிட்ட வேணாம்னு சொல்லிரு.”

இராக்கம்மா அன்று மாலையே சொல்லிவிட்டார். ஏஜென்சிக்காரர் அவருடைய இடத்தில் அடுத்த லயத்துப் பெண்ணொருத்தியின் பெயரை எழுதிக்கொண்டு போய்விட்டார்.

பணிப்பாளர் நாயகம் புதுத் தலையோடு திரும்பி வந்தபோது இருபத்தேழு ஊழியர்கள் அவருடைய அறையில் நின்றிருந்தோம். சுதர்ஷினி தாளை நீட்டினாள்.

“சார், மூனு மாசச் சம்பளம் நிக்குது. நியமனக் கடிதமும் வேணும்.”

அவர் தாளைப் பார்த்தார். கொஞ்சமும் கலங்கவில்லை. பெருந்தலைவர்களின் இலட்சணம் அது.

“மகளே, இது பேப்பர்ல மட்டும்.”

“நீங்க அனுபவம் கேட்டதும் பேப்பர்லதானே சார்?”

“நீங்கல்லாம் விண்ணப்பதாரிகள். நேர்முகப் பரீட்சை நடந்துக்கிட்டிருக்கு.”

“அப்ப சரி,” என்றார் மிப்ரான். “நாளையிலிருந்து நாங்க வேலைநிறுத்தம்.”

பணிப்பாளர் நாயகம் கதிரையில் சாய்ந்து, இரக்கத்தோடு சிரித்தார். “வேலையே இல்லாதவன் வேலைநிறுத்தம் செய்ய முடியாது தம்பி. சட்டத்துல இடமில்ல.”

இந்த வாதத்தின் கூர்மையில் நான் சொக்கிப்போய் நின்றேன். சுதர்ஷினி சற்று யோசித்தாள்.

“அப்ப நேர்முக நிறுத்தம் சார். நாங்க யாரும் நாளைக்குப் பரீட்சைக்கு வர மாட்டோம்.”

மறுநாள் வரலாற்றில் முதல்முறையாக ஒரு நேர்முக நிறுத்தம் நடந்தது. அலுவலகத்தைத் திறக்க ஆளில்லை. சாவி எட்டாம் சுற்றில் இருந்த ஒருவரிடம் இருந்தது. அவர் வரவில்லை. பத்தரைக்குப் பூட்டை உடைத்து உள்ளே போனோம், பணிப்பாளர் நாயகமும் நானும். தொலைபேசி அடித்தது, எடுக்க ஆளில்லை. அவர் தானே பிளேன்டீ போட்டார். சீனி எங்கே இருக்கிறதென்று தெரியாமல் உப்பைப் போட்டுக் குடித்தார். பிறகு கணினி முன் உட்கார்ந்து ஒற்றை விரலால் ஒரு படிவத்தைத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தார். பகல் சாப்பாட்டு நேரத்துக்குள் அந்தப் படிவத்துக்காரரின் பெயரும் தோட்டத்தின் பாதிப் பெயரும் வந்திருந்தன.

“விஜேந்திரன், இந்தப் பிள்ளைங்க இதை எப்படிச் செஞ்சாங்க?”

“திறமை இருந்தது சார்.”

“அப்புறம் ஏன் நீங்க ஒருத்தரையும் எடுக்கல?” என்று கோபித்துக்கொண்டார்.

அன்று மாலையே சுதர்ஷினிக்கு ஒரு கடிதம் தயாரிக்கச் சொன்னார். தயாரித்தேன். ‘எமது நிறுவனத்தில் தாங்கள் பெற்றுள்ள அனுபவம் இப்பதவிக்குத் தேவையானதைவிட அதிகமாக இருப்பதால், தங்களைத் தெரிவு செய்ய இயலாமைக்கு வருந்துகிறோம்.’ கடிதம் கிடைத்ததும் அவள் அதை மடித்து அதே பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொண்டு, மிப்ரானையும் இன்னும் சிலரையும் கூட்டிக்கொண்டு பதுளைத் தொழில் அலுவலகத்துக்குப் போய் முறைப்பாடு எழுதிக் கொடுத்துவிட்டாள்.

தோட்டத்துக்கு உண்மையைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. தினமும் ஐந்து மணி பஸ்ஸுக்குப் புறப்பட்டு வந்து, கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறாள். ஐந்தாம் நாள், சந்தைக்குப் பக்கத்தில் வெலிமடைக் காய்கறி மொத்த வியாபாரம் செய்யும் மொஹிதீன் முதலாளியின் கடையில் நின்றிருக்கிறாள். லீக்ஸும் கரட்டும் இறங்கிக்கொண்டிருந்த நேரம். அங்கே நடந்ததை மிப்ரான் எனக்கு அப்படியே சொன்னார்.

“என்ன மகள் வேணும்?”

“வேல ஏதாச்சும் இருக்குதுங்களா முதலாளி?”

“கம்பியூட்டர்ல பில் அடிக்கத் தெரியுமா?”

“தெரியும்.”

“இந்தா, இந்த லொறிக்கு அடிங்க பாப்போம்.”

அடித்தாள். அவர் பார்த்தார்.

“நாளைக்கு வாங்க. இன்னைக்கு அடிச்சதுக்கும் கணக்கிருக்கு, போகக்குள்ள கேட்டு எடுங்க.”

அவ்வளவுதான்! பலவீனம் கேட்கவில்லை. ஐந்து வருடம் கேட்கவில்லை. சிரித்த முகமா என்று நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மோட்டார் சைக்கிள் பற்றிய பேச்சே இல்லை. மூன்று மாதத்தில் நாங்கள் நான்கு சுற்று வைத்துத் தீர்மானிக்க முடியாததை, ஒரு கரட் மூட்டை இறங்குகிற நேரத்தில் தீர்மானித்திருக்கிறார். இப்படித் தரமில்லாமல் வேலை கொடுத்துக்கொண்டு போனால் என்னைப்போன்ற மனிதவள அதிகாரிகளின் எதிர்காலம் என்னாவது?

இராக்கம்மா சவூதிக்குப் போகவில்லை. மகள் மாதச் சம்பளத்தைக் கையில் வைத்தபோதும், அவள் வேலை செய்வது காய்கறிக் கடையில் என்று தெரிந்தபோதும் ஒன்றும் கேட்கவில்லையாம். “நான் சாப்பாடு கட்டித் தர்ற டப்பா கனமாத்தான் திரும்பி வந்துச்சு அந்த அஞ்சு நாளும்,” என்று மட்டும் சொன்னாராம்.

ஆகஸ்டில் தொழில் அலுவலகத்தில் விசாரணை. சுதர்ஷினி அரை நாள் லீவு போட்டு வந்திருந்தாள். கேட்டதும் கொடுத்துவிட்டாராம் அந்த முதலாளி. விசாரித்த அதிகாரி மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் அம்மணி. குரலை உயர்த்தாமல் கேட்டார்.

“இவங்க உங்க ஊழியர்களா?”

“இல்ல மேடம், விண்ணப்பதாரிகள்,” என்றார் பணிப்பாளர் நாயகம்.

“அப்ப கொழும்புக்கு அனுப்பின அறிக்கை பொய்?”

“இல்ல இல்ல, ஊழியர்கள்தான்.”

“சேமலாப நிதி கட்டினீங்களா?”

“விண்ணப்பதாரிகளுக்கு எப்படி மேடம் கட்டுறது?”

இப்படி நாலு தரம் அங்கேயும் இங்கேயும் போய் வந்தார். ஐந்தாவது தரம் களைத்துப்போய்த் தண்ணீர் கேட்டார். அம்மணி பத்து நிமிடம் இடைவேளை கொடுத்தார்.

தாழ்வாரத்தில் பணிப்பாளர் நாயகம் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். நியமனக் கடிதம்! அந்த நிறுவனத்தில் நான் கண்ட முதல் நியமனக் கடிதம் அதுதான். என் பெயர் பிழையில்லாமல் தட்டச்சாகியிருந்தது. ஒற்றை விரலால் அடித்திருப்பார். எத்தனை மணி நேரம் பிடித்ததோ.

“இதுதான் விஜேந்திரன் உங்க இறுதிச் சுற்று. வெற்றிடம் ஒன்னு உண்மையாவே இருந்துச்சு, தகுதியான ஆள்தான் கெடைக்கலன்னு சொல்லுங்க. ஒரே வரி. நேர்முகம்னா நேர்முகம்தான்னு ஆயிடும். நாளைக்கு உங்க கையில இது.”

உள்ளே கூப்பிட்டார்கள். போய் உட்கார்ந்தேன். இந்தப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து எவ்வளவு நாளாயிற்று! கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அம்மணி பேனாவைத் திறந்தார். “பதினொரு மாசமா நேர்முகம் நடத்தியிருக்கீங்க. அந்த வேலை உண்மையிலே இருந்துச்சா?”

கடிதத்தை நினைத்தேன். அண்ணி சாப்பாடு போடும்போது தட்டை வைக்கிற சத்தத்தை நினைத்தேன்.

“இல்லைங்க மேடம்.”

“எப்ப இருந்து தெரியும்?”

“முதல் நாளே தெரியும்.”

அவர் எழுதிக்கொண்டார். அந்த ஒரு வரியை வைத்துத்தான் எல்லோருக்கும் சம்பளம் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. தவணை தவணையாக வந்துகொண்டிருக்கிறது. இதற்காக மிப்ரான் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டதெல்லாம் பிறகு. அப்போது அம்மணி எழுதி முடித்து, நிமிர்ந்து, இன்னொன்று கேட்டார்.

“முதல் நாளே தெரியும்னா, அப்புறம் எதுக்கு அத்தனை பேரையும் உக்கார வச்சுக் கேள்வி கேட்டீங்க?”

நவீன மனிதவளம் பற்றிப் பேச நினைத்தேன். நம்பிக்கை, ஊக்கம், மயிரிழை, எல்லாம் நாக்கு நுனி வரை வந்தன.

“எனக்கு ஒரு வேல கெடைக்கும்னுதாங்க.”

அதையும் எழுதிக்கொண்டார். “சரி, அடுத்தவரைக் கூப்பிடுங்க.”

பழக்கதோஷம். நானே எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். படிக்கட்டு வரை வரிசையாக நின்றிருந்தார்கள். எல்லோரையும் எனக்குத் தெரியும். ஒவ்வொருவரும் மடுல்சீமையிலிருந்தும் மொனராகலையிலிருந்தும் எத்தனை மணி பஸ்ஸுக்கு எழும்பி வந்தார்கள், வீட்டில் யார் யாருக்கு என்னென்ன கஷ்டம், எல்லாம் தெரியும்.

கேட்டவன் நான்தானே.